வீட்டு எஸ்பிரெஸோ: கணக்கில் விடுபட்ட 280 கலோரி

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

குன்னூர் பக்கத்திலிருந்து எழுதும் இந்த வாசகிக்கு வயது 42. உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. கோவை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். தைராய்டு குறைபாட்டுக்குச் சில வருடங்களாக மாத்திரை எடுக்கிறார். அண்மைப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண்) 6.1 வந்திருக்கிறது. ஐந்து கிலோவாவது குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அன்றிலிருந்து சாப்பிடுவது எல்லாவற்றையும் கைபேசிச் செயலியில் பதிகிறார். இலக்கு 1,400 கலோரி. தினமும் 1,380க்குள் முடித்துவிடுகிறாராம். பத்து வாரம் ஆகியும் எடை அதே 71.

வீட்டில் எஸ்பிரெஸோ மெஷின் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்ட கையோடு ஒரு கப்புச்சினோ: இரட்டை ஷாட் (மெஷின் இறக்கும் கெட்டிக் காபி, இரண்டு பங்கு), 180 மி.லி. பால், நாட்டுச் சர்க்கரை இரண்டு ஸ்பூன். பதினோரு மணிக்கு லாட்டே: இரட்டை ஷாட், 220 மி.லி. பால், ஒரு ஸ்பூன். மாலை நாலரைக்கு மோக்கா: இரட்டை ஷாட், 150 மி.லி. பால், ஊட்டி ஹோம்மேட் சாக்லேட் ஒரு துண்டு, ஒரு ஸ்பூன், கூடவே வர்க்கி (நீலகிரிப் பக்கத்து மொறுமொறு மைதா பிஸ்கட்). செயலியில் இந்த மூன்று காபிக்கும் முறையே 80, 110, 140 கலோரி என்று பதிகிறார். பால் பக்கத்து வீட்டு மாட்டுப் பால். காய்ச்சினால் நுரை வராது என்று கேள்விப்பட்டு, காய்ச்சாமலே நுரைக்கிறார். பால்காரர் காட்டிய பால் கூட்டுறவு சொசைட்டி ரசீதில் ஃபேட் (கொழுப்பு) 4.2, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.4 என்று இருந்ததாம். ஷாட்டின் மேலே நிற்கும் பொன்னிற நுரை கொழுப்பு என்று நினைத்து அதை வழித்து எடுத்துவிடுகிறார். பாதாம் பாலுக்கு மாறலாமா, பட்டர் காபி உதவுமா, பாலில் பாதி தண்ணீர் கலக்கலாமா, மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதால் கலோரி மாறுமா, கடைசியில் மெஷினையே விற்றுவிடலாமா என்று ஐந்து கேள்விகள்.

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாலின் அளவு, பால்காரரின் ரசீது, செயலியில் போட்ட எண் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். அதனால் விடையை ஊகிக்க வேண்டியதில்லை, கூட்டிப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் மூன்று காபியும் சேர்ந்து 330 கலோரி அல்ல, 610க்குப் பக்கம். தினமும் 280 கலோரி பதிவாகாமல் போகிறது. அதற்கு முன் கலோரியோடு தொடர்பில்லாத, ஆனால் அவசரமான ஒரு விஷயம்.

மாத்திரையும் காபியும்

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன் பிறகு 30 நிமிடமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் காபி, பால், சாப்பாடு எதுவும் கூடாது. காபி அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாலில் இருக்கும் கால்சியமும் அதையே செய்யும். நீங்கள் மாத்திரை போட்ட கையோடு இரண்டையும் ஒரே கோப்பையில் அனுப்பி வைக்கிறீர்கள். மருந்து முழுதாக உடலில் சேராவிட்டால் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறும், எடை இறங்க மறுக்கும், அசதியும் இருக்கும். ஆறு மணி மாத்திரையை மாற்ற வேண்டாம், கப்புச்சினோவை ஏழுக்குத் தள்ளுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது எடுத்தால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நேரத்தை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பாருங்கள். இனி மருந்து கூடுதலாக உடலில் சேரும் என்பதால், இப்போதிருக்கும் டோஸ் அதிகமாகிப் போகவும் வாய்ப்புண்டு. டோஸை உங்கள் மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கலோரி ஷாட்டில் இல்லை

18 கிராம் பொடி போட்டு 36 கிராம் இறக்கும் இரட்டை ஷாட்டில் இருப்பது மூன்று கலோரி போல. பொடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து இறங்குகிறது, அதிலும் பெரும்பகுதி நம் உடல் எரிபொருளாக்கிக்கொள்ள முடியாத சரக்கு. மேலே நிற்கும் பொன்னிற நுரைக்கு க்ரெமா என்று பெயர். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு, அழுத்தத்தில் கரைந்து வெளியே வந்ததும் குமிழியாகிறது. அதில் காபி எண்ணெய் துளி இருக்கிறது என்றாலும் கலோரிக் கணக்கில் அது பூஜ்யம்தான். வழித்து எடுப்பதால் மணம்தான் போகும். விட்டுவிடுங்கள்.

குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மெஷினுக்குள் பம்ப் 9 பார் வரை அழுத்தம் கொடுக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்காமலே தேவையான சூட்டுக்கு வந்துவிடும். காபி ருசியில் சின்ன வித்தியாசம் வரலாம், கலோரியில் வராது. குளிர் ஊரில் உடம்பு தானாகவே கூடுதலாக எரிக்கும் என்பதும் அப்படித்தான். நடுங்கினால் எரிக்கும். ஸ்வெட்டர் போட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

மிச்சமிருப்பது பாலும் இனிப்பும். பாலின் கலோரியைக் கண்டுபிடிக்கச் செயலி தேவையில்லை, சொசைட்டி ரசீதே போதும். ஃபேட் எண்ணை ஒன்பதால் பெருக்குங்கள். எஸ்.என்.எஃப். எண்ணிலிருந்து தாது உப்புக்காக 0.7 கழித்து, மிச்சத்தை நான்கால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் 100 கிராம் பாலின் கலோரி. உங்கள் பாலுக்கு 4.2 × 9 = 38, 7.7 × 4 = 31, ஆக 69. மில்லிலிட்டரில் அளந்தால் 70, 71 வரும். 70 என்று வைத்துக்கொள்வோம்.

பாக்கெட் பாலுக்கும் இதே வழிதான். நீல நிறப் பாக்கெட்டில் வரும் டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், 100 கிராமுக்குச் சுமார் 58 கலோரி. பச்சைப் பாக்கெட், அதாவது நிலைப்படுத்திய பால், 4.5 சதவீதம், 72 கலோரி. ஆரஞ்சு நிற நிறை கொழுப்புப் பால் 6 சதவீதம், 87 கலோரி. டபுள் டோன்டு 1.5 சதவீதம், 47 கலோரி. எருமைப் பாலாக இருந்தால் ஆரஞ்சுப் பாக்கெட்டையும் தாண்டலாம். லாக்டோமீட்டர் வைத்திருக்கும் பால்காரர்கள் உண்டு. அது பாலின் அடர்த்தியைத்தான் காட்டும், கொழுப்பைச் சொல்லாது. ஃபேட் எண் சொசைட்டிப் பரிசோதனையில்தான் கிடைக்கும்.

இப்போது உங்கள் கோப்பைகள். கப்புச்சினோவில் பாலுக்கு 126. நாட்டுச் சர்க்கரை குவித்து இரண்டு ஸ்பூன் என்றால் 14 கிராம், 53 கலோரி. ஷாட்டுக்கு மூன்று. மொத்தம் 182. லாட்டேவில் பாலுக்கு 154, குவித்த ஒரு ஸ்பூனுக்கு 27, மொத்தம் 184. மோக்காவில் பாலுக்கு 105, சாக்லேட் 20 கிராம் என்றால் 108, ஸ்பூனுக்கு 27, மொத்தம் 243. மூன்றும் சேர்த்து 609. வர்க்கி இதில் இல்லை.

செயலியும் பொய் சொல்லவில்லை. 'கப்புச்சினோ, 1 கப்' என்று தேர்ந்தெடுத்தால் அது யாரோ ஒருவர் எங்கோ பதிந்த சின்னக் கோப்பை, கொழுப்பு நீக்கிய பால், சர்க்கரை இல்லாத பதிவாக இருக்கலாம். காபியைப் பெயர் சொல்லித் தேடாதீர்கள். 'பால், இத்தனை கிராம்', 'சர்க்கரை, இத்தனை கிராம்' என்று தனித்தனியாகப் பதியுங்கள்.

இந்த 280 சின்ன எண் போலத் தெரியும். நீங்கள் பதிந்த 1,380ஓடு கூட்டினால் 1,660. ஐசிஎம்ஆர்-என்ஐஎன் (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் உட்கார்ந்த வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தினத் தேவை என்று தந்திருக்கும் எண்ணும் 1,660தான். அது 55 கிலோ எடைக்கான கணக்கு, உங்களுக்குக் கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தை வர்க்கி பார்த்துக்கொள்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற உத்தேசக் கணக்கில், தினம் 280 வீதம் பத்து வாரத்துக்கு இரண்டரைக் கிலோ. உடம்பு இவ்வளவு நேர்க்கோட்டில் நடந்துகொள்ளாது, ஆனாலும் எடை ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் மன உறுதியில் குறை ஒன்றும் இல்லை.

ஜக்கைத் தராசில் வைக்கும் முறை

நுரைத்த பாலைக் கண்ணளவில் மதிப்பிடவே முடியாது. காற்று ஏறிப் பருமன் கூடுகிறது, நீராவி குளிர்ந்து தண்ணீராகிப் பாலோடு கலக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை 65 டிகிரிக்குக் கொண்டுபோக, பாலின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீராவி உள்ளே போகும். இந்தத் தண்ணீருக்கும் காற்றுக்கும் கலோரி இல்லை. அதனால் பாலை நுரைப்பதற்கு முன்புதான் அளக்க வேண்டும். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு போதும். காபிக்கென்று விற்கும் 0.1 கிராம் தராசு ஷாட்டுக்கு நல்லது, கலோரிக்கு அவசியமில்லை.

காலி ஜக்கைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். குளிர்ந்த பாலை ஊற்றி எடையைக் குறியுங்கள், 200 கிராம் என்று வைப்போம். நீராவிக் குழாயை ஒரு துணியில் இரண்டு நொடி திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பிறகு பாலில் விடுங்கள். நுரைத்த பிறகு ஜக்கை மறுபடி தராசில் வையுங்கள். 222 காட்டலாம், கூடிய 22 கிராம் நீராவித் தண்ணீர். கோப்பையில் ஊற்றிய பின் ஜக்கில் 44 கிராம் மிச்சம் இருக்கிறது என்றால், உங்கள் கோப்பைக்குப் போனது 178. குடித்த பால் 200 × 178 ÷ 222 = 160 கிராம். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே ஜக்கில் நுரைத்தாலும் இதே வகுத்தல்தான்.

ஜக்கில் மிச்சமான அந்த 44 கிராமைச் சிங்க்கில் கொட்ட மனம் வராமல் நின்றபடியே குடித்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. குடித்தால் அதையும் எழுதுங்கள், நாளுக்கு மூன்று முறை என்றால் 80, 90 கலோரி ஆகிவிடும். அதைவிட, ஒரு வாரம் அளந்து பார்த்து, மிச்சம் வராத அளவைக் கண்டுபிடித்து, பாலை அந்த எடைக்கே ஊற்றிவிடுவது சுலபம்.

60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்துங்கள். ஜக்கைக் கையால் தொட்டுப் பிடித்திருக்க முடியாத கட்டம் அது. அந்தச் சூட்டில்தான் பாலின் இயல்பான இனிப்பு நாக்குக்கு நன்றாகத் தெரியும், சர்க்கரையைக் குறைக்க இது உண்மையிலேயே உதவும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை வந்து நுரை தளரும், உடனே கை சர்க்கரை டப்பாவுக்குப் போகும். நீராவி பட்டால் பால் சர்க்கரை உடைந்து கலோரி கூடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சூட்டில், அந்தச் சில நொடியில் அப்படி எதுவும் நடக்காது.

காய்ச்சாத பால் வேண்டாம்

நீங்கள் கேட்காத கேள்வி இது, ஆனால் இதில்தான் எனக்கு அதிகக் கவலை. கறந்த பாலை நேரடியாக 60, 65 டிகிரிக்கு நுரைத்துக் குடிப்பது ஆபத்து. பாலைப் பாதுகாப்பானதாக்க 63 டிகிரியில் 30 நிமிடம் அல்லது 72 டிகிரியில் 15 நொடி நிற்க வேண்டும். உங்கள் ஜக்கு அரை நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறது. மாட்டுக் காசநோய், புருசெல்லோசிஸ் (கால்நடையிலிருந்து தொற்றும் ஒரு காய்ச்சல்) போன்றவை பரவும் வழிகளில் காய்ச்சாத பால் முக்கியமானது. மாடு பார்க்க நன்றாக இருக்கிறது என்பது உத்தரவாதம் ஆகாது.

பொங்க விட்டு, தீயைக் குறைத்து, கிளறியபடி இரண்டு நிமிடம் வையுங்கள். குன்னூரில் 94 டிகிரியில் பொங்கினாலும் அது தாராளமாகப் போதும். ஆறவைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் குளிர்ந்த பாலை நுரையுங்கள். நன்றாகவே நுரை வரும். நுரையைத் தாங்குவது பாலில் உள்ள புரதம். ஆடைக் கட்டிகள் இருந்தால்தான் சொதப்பும், வடிகட்டிவிட்டால் சரி.

காய்ச்சும்போது கணக்கும் நகரும். ஒரு கிலோ பால் காய்ந்து 930 கிராமாக நின்றால், போனது தண்ணீர் மட்டும்தான். அதே 690 கலோரி இப்போது 930 கிராமில் இருக்கிறது, 100 கிராமுக்கு 74. ஆடையை எடுத்து வெண்ணெய்க்கு ஒதுக்குபவர் என்றால் கொழுப்பு கொஞ்சம் குறையும், இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். 70 என்றே தொடரலாம். ஆனால் அந்த வெண்ணெய் தோசைக்கல்லுக்குப் போகும்போது அங்கே எழுத மறக்கக் கூடாது.

இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால், காபிக்கு மட்டும் டோன்டு பாக்கெட் பால் வாங்குங்கள். அது ஏற்கெனவே பதப்படுத்தியது. குளிர் விடாமல் வந்து, அன்றே பயன்படுத்தினால், காய்ச்சாமல் நேராக நுரைக்கலாம். டபுள் டோன்டு பாலில் எஸ்.என்.எஃப். 9 சதவீதம், டோன்டில் 8.5. அதனால் கொழுப்பு குறைந்த பால் நுரைக்காது என்ற பயம் வேண்டாம். நுரை கொஞ்சம் காய்ந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

பாதி தண்ணீர் கலந்தால் கலோரி பாதியாகும், புரதமும் பாதியாகும், நுரை நிற்காது. நீராவியே பத்து சதவீதம் தண்ணீர் சேர்க்கிறது, அதற்குமேல் வேண்டாம். கோப்பையைச் சிறிதாக்குவது மேல்.

இனிப்பு

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாமே கிராமுக்கு 3.8 கலோரிக்குப் பக்கம். வெள்ளைச் சர்க்கரை 4. இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை உங்களுக்கு இவற்றில் பெரிய வேறுபாடு கிடையாது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய கட்டம், நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். காபியில் மட்டும் தினம் 28 கிராம் நாட்டுச் சர்க்கரை, சாக்லேட்டில் இருப்பது தனி. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் விரும்பத்தக்க எல்லையாகச் சொல்வது மொத்தக் கலோரியில் 5 சதவீதம். உங்கள் 1,400 கலோரிக்கு அது 18 கிராம்தான்.

தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் சொச்சம், குவித்தது ஏழுக்கும் மேல். நாட்டுச் சர்க்கரை ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்வதால் இன்னும் குவியும், அதுவும் மலையூரின் மழைக்காலத்தில். ஸ்பூன் எண்ணிக்கையை நம்பாதீர்கள், கோப்பையைத் தராசில் வைத்தே போடுங்கள். இன்னொரு வழி, சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்துப் பாகாக வைத்துக்கொள்வது. 10 கிராம் பாகில் 5 கிராம் சர்க்கரை, 20 கலோரி. ஷாட்டில் உடனே கலந்துவிடும், அடியில் தங்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கிராம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் அடுத்த வாரம் பழைய அளவுக்கே திரும்புவீர்கள்.

ஊட்டி, குன்னூர் கடைகளில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் ஹோம்மேட் சாக்லேட்டில் பெரும்பாலும் ஊட்டச்சத்து விவரம் அச்சாகியிருக்காது. சாதாரண பால் சாக்லேட் 100 கிராமுக்கு 530, 540 கலோரி, முந்திரி, பாதாம் போட்டது இன்னும் கூடலாம். துண்டுகள் கையால் உடைத்தவை, ஒன்று 12 கிராம் இருக்கும், அடுத்தது 25 இருக்கும். 'ஒரு துண்டு' என்பது அளவே அல்ல. மோக்காவுக்கு இனிப்பில்லாத கோகோ பவுடர் 5 கிராம் போதும், 15 கலோரியோடு முடிந்துவிடும். சூடான ஷாட்டில் முதலில் குழைத்துவிட்டுப் பால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். சாக்லேட்டை வாரம் ஒருநாள், எடை போட்டு, சாக்லேட்டாகவே சாப்பிடுங்கள். காபியில் கரைத்தால் பாதி ருசி தெரியாமல் போகிறது.

பாதாம் பால், பட்டர் காபி

இனிப்பு சேர்க்காத பாதாம் பானம் 100 மி.லி.க்கு 15 முதல் 25 கலோரி. புரதமும் அநேகமாக இல்லை. உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்கிறது என்றால் மாற எந்தக் காரணமும் தெரியவில்லை. வாங்கினால் லேபிளில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊரில் பாதாம் பால் என்று மஞ்சளாக பாட்டிலில் வருவது சர்க்கரை போட்ட மாட்டுப் பால். ஓட்ஸ் பானம் டோன்டு பாலுக்குச் சமமான கலோரி, மாவுச்சத்து அதைவிடக் கூடுதல்.

பட்டர் காபி வேண்டவே வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரிக்குக் குறையாது. மூன்று கலோரி பானத்தை நூறாக்கிவிட்டுக் கொழுப்பு கரையும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மூன்று கோப்பையை மாற்றி அமைப்பது

கப்புச்சினோவை 120 கிராம் டோன்டு பால், 4 கிராம் சர்க்கரையோடு வையுங்கள். 90 கலோரி. 300 மி.லி. மக்கை எடுத்து வைத்துவிட்டு 150 மி.லி. கோப்பைக்கு மாறுங்கள். பெரிய மக்கில் 120 கிராம் பால் அடியில் கிடக்கும், பார்த்தாலே இன்னும் ஊற்றத் தோன்றும்.

பதினோரு மணி லாட்டேதான் வெட்ட வேண்டிய இடம். பசிக்காகக் குடிப்பதில்லை, வேலை நடுவே எழுந்து நிற்க ஒரு சாக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரட்டை ஷாட்டில் 60 கிராம் பால் மட்டும் ஊற்றி, சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், கடைகளில் கோர்ட்டாடோ என்று தருவது இதுதான். 38 கலோரி.

மோக்கா 120 கிராம் பால், 5 கிராம் கோகோ, 5 கிராம் சர்க்கரை, ஒற்றை ஷாட்: 107 கலோரி. ஷாட்டைக் குறைக்கச் சொல்வது காஃபினுக்காக. இரட்டை ஷாட் ஒன்றில் 100 முதல் 150 மில்லிகிராம் வரை வரும். மூன்று இரட்டை ஷாட் போட்டால் ஐசிஎம்ஆர்-என்ஐஎன் 2024 வழிகாட்டுதல் சொல்லும் 300 மில்லிகிராமைத் தொட்டுவிடுவீர்கள், பெரும்பாலும் தாண்டிவிடுவீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்து ரோபஸ்டா கலந்த பொடி என்றால் இன்னும் கூடும், ரோபஸ்டா வகைக் காபியில் அரபிகா வகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபின். மாலைக் காபியால் தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். (ஒரு எச்சரிக்கை: சிக்கரி கலந்த ஃபில்டர் காபிப் பொடியை மெஷினில் போடாதீர்கள். ஈரம் பட்டதும் களியாகி, மெஷினில் பொடி வைக்கும் கூடையை அடைத்துக்கொள்ளும்.)

ஆக 235 கலோரி. இப்போதைய 609இலிருந்து 370 மிச்சம், சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் குறைக்காமல். பாலை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த 300 கிராம் பாலில் 9 கிராம் புரதமும் 350 மில்லிகிராமுக்குப் பக்கம் கால்சியமும் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இரண்டும் வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கெடுக்கும்.

வர்க்கியைத் தனியாக எழுதுங்கள். மைதாவும் கொழுப்பும் சேர்ந்து உலரச் சுட்ட எதுவும் 100 கிராமுக்கு 400 கலோரிக்குக் கீழே போவது அபூர்வம். ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்து, எத்தனை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மொத்தமாக நிறுத்தச் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை.

மெஷினை விற்க வேண்டியதில்லை. வெளியே எந்தக் கடையில் குடித்தாலும் எத்தனை கிராம் பால் என்று உங்களுக்குத் தெரியாது, வீட்டில் தெரியும். இரண்டு வாரம் ஒவ்வொரு கோப்பையையும் எடை போடுங்கள். அளவு கைக்குப் பழகியதும், மூன்று காபியையும் உங்கள் எண்களோடு செயலியில் சொந்தப் பதிவாகச் சேமித்துவிட்டு, பிறகு மாதம் இருமுறை சரிபார்த்தால் போதும். பாலின் ஃபேட் எண் தீவனத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும். மாட்டுப் பாலையே தொடர்ந்தால் சொசைட்டி ரசீதை மாதம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு, ஏதும் சாப்பிடுமுன் பாருங்கள். ஆறு வாரத்தில் ஒன்றரைக் கிலோ அளவுக்காவது இறங்க வேண்டும். இவ்வளவையும் செய்து அரைக் கிலோகூட இறங்கவில்லை என்றால் காபியை விட்டுவிட்டு, சமையல் எண்ணெயை இதே தராசில் ஒரு வாரம் அளந்து எழுதி, டிஎஸ்எச் முடிவோடு சேர்த்து உங்கள் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எச்பிஏ1சியை மூன்று மாதம் ஆவதற்கு முன் மறுபடி பார்த்துப் பயனில்லை.